மறுமொழி கூறலாகாத சபை

பரத முனிவருடைய நாட்டிய சாஸ்திரத்தைப் புரட்டுகிறவர்கள் பெரும்பாலும் அதன் முதல் அத்தியாயத்தில் வரும் நாடக உற்பத்திக் கதையோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் வேறொரு கதை இருக்கிறது. பிரம்மாவிடமிருந்து வந்த நாடக வேதத்தைக் கற்றுத் தேர்ந்த பரதபுத்திரர்கள், தங்கள் வித்தையில் கர்வம் தலைக்கேறி, ரிஷிகளின் நடையுடை பாவனைகளையே கேலி செய்யும் ஒரு கூத்தைச் சபையில் ஆடிக் காட்டினார்கள் என்றும், அதைக் கண்டு சினந்த ரிஷிகள் அவர்களுடைய ஞானம் அழிந்து அவர்கள் வம்சமும் தாழ்வுறுமாறு சபித்தார்கள் என்றும், பின்னர் நகுஷன் என்ற மன்னனுடைய வேண்டுகோளின் பேரில் அந்தச் சாபத்தையும் சுமந்துகொண்டே நாடகக்கலை பூலோகத்துக்கு இறங்கி வந்தது என்றும் அங்கே சொல்லப்படுகிறது. வேதமனைத்தும் அறிந்த ரிஷிகளுக்குத் தங்களைப் பார்த்துத் தாங்களே சிரித்துக்கொள்ளும் அறிவு மட்டும் சித்திக்கவில்லை போலும்! இந்தக் கதையைச் சாஸ்திரகாரர் எந்த நோக்கத்தோடு சேர்த்திருந்தாலும் சரி, நகைச்சுவைக்கும் ஞானத்துக்கும் உள்ள உறவின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவனுக்கு அது நல்ல தொடக்கம். ஏனெனில் அந்தச் சரித்திரத்தில் சிரிக்க வைத்தவனுடைய கதை பாதிதான், அதைக் கேட்டுப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுடைய கதை மற்றொரு பாதி.

பரிகாசத்தைப் பொறுக்க முடியாத சபைகள் உலகில் எங்கும் உண்டு. பொறுப்பது மாத்திரமின்றி, அதைப் பொறுத்தே ஆகவேண்டும் என்பதை ஆசாரமாகவே விதித்துக்கொண்டு, பரிகசிக்கிறவனுக்குத் தெய்வ சன்னிதியில் ஒரு மேடையும், தலைக்கு ஒரு முடியும், ஊதியமும் கொடுத்து, பல நூற்றாண்டுகள் அவன் முன் வாய் பொத்தி அமர்ந்திருந்த சபை ஒன்று நம்முடைய அண்டை நாடாகிய கேரளத்தில் இருந்தது. சாக்கியார் கூத்து என்பது அதன் பெயர். அந்தச் சபையையும் அதில் பேசியவனையும் பற்றியதே இக்கட்டுரை.

அந்த மேடையில் நின்றவன் விதூஷகன். அவனுடைய வம்சாவளி மிகப் பழையது. மத்திய ஆசியாவில் கிடைத்த ஏட்டுத் துணுக்குகளைச் சேர்த்து ஜெர்மானிய அறிஞரான லூடர்ஸ் 1911ஆம் ஆண்டில் வெளியிட்ட அசுவகோஷருடைய நாடகப் பகுதிகளில், புத்தருடைய பிரதம சீடர்களுள் ஒருவரான சாரிபுத்திரர் சமயம் மாறும் கம்பீரமான கதையிலேயே, ஒரு விதூஷகன் வந்து நிற்கிறான். பாசனிடத்தில் வசந்தகன், சூத்திரகனிடத்தில் மைத்திரேயன், ஹர்ஷனிடத்தில் ஆத்திரேயன் என்று பெயர்கள் மாறினாலும், குள்ளமும் கூனும் எடுத்த பல்லும் வழுக்கைத் தலையும் பிங்கள நிறக் கண்ணுமாகப் பரதர் வகுத்துக் கொடுத்த உருவம் மாறுவதில்லை. பிராமணனாகப் பிறந்தும் வேதம் அறியாதவன், மோதகத்தைக் கண்டால் மோட்சத்தை மறப்பவன், அரசனுக்கு நண்பன், அபாயத்துக்குப் பகைவன் என்ற குணமும் மாறுவதில்லை.

இவர்களுள் காளிதாசனுடைய மாதவ்யனைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். சாகுந்தலத்தின் இரண்டாம் அங்கத்தில் துஷ்யந்தன் தன் காதலை எல்லாம் இவனிடம் கொட்டித் தீர்த்துவிட்டு, பிறகு இவன் தலைநகருக்குத் திரும்பி அந்தப்புரத்தில் எதையாவது உளறிவைப்பானோ என்ற பயத்தினால், தான் சொன்னதெல்லாம் வெறும் விளையாட்டு, மெய்யென்று கொள்ள வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறான். ஐந்தாம் அங்கத்தில் சாபத்தினால் நினைவிழந்த அரசன் கர்ப்பிணியான மனைவியை அறியேன் என்று மறுக்கும்போது, கோபங்கொண்ட வேறொரு ராணியைச் சமாதானப்படுத்துவதற்காக அனுப்பப்பட்ட மாதவ்யன் சபையில் இல்லை. ஆறாம் அங்கத்தில் நினைவு திரும்பிய அரசன், நீயாவது நினைவுபடுத்தியிருக்கலாகாதா என்று ஏங்கிக் கேட்க, தான் மறக்கவில்லை என்றும், விளையாட்டு என்று அரசனே சொன்னதைத்தான் நம்பிவிட்டதாகவும் அந்த அப்பாவி பதில் சொல்கிறான். அரசவையிலே மெய்யைப் பேசக்கூடிய ஒரே வாயை, உண்மையைக் கேலியென்று சொல்லி அரசன் தன் கையாலேயே அடைத்துவிட்டான் என்பது காளிதாசன் வைத்த நுட்பம். முனிவருடைய சாபத்தை விரித்துப் பேசும் உரையாசிரியர்கள் இந்த இடத்தை இன்னும் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

சாஸ்திரத்திலும் நகைக்கு உரிய இடம் தரப்பட்டே இருக்கிறது. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணும்போது நகையையே முதலில் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கினின்றும் அது பிறக்குமென்றார். பரதர் சிருங்காரத்துக்கு அடுத்த இடத்தை ஹாஸ்யத்துக்கு அளித்து, புன்முறுவலிலிருந்து அட்டகாசம் வரை சிரிப்பை ஆறு வகையாக்கி, உத்தமருக்கு இரண்டும் மத்தியமருக்கு இரண்டும் அதமருக்கு இரண்டுமாகப் பங்கிட்டுக் கொடுத்தார். ஆயினும் விஷயத்தின் மர்மத்தைத் தொட்டவர் காஷ்மீரத்து அபிநவகுப்தரே. எந்த ரசமும் தகாத இடத்தில், தகாத பேரிடத்தில் போலியாகத் தோன்றினால் அது ஹாஸ்யமாகிவிடும் என்றும், துறவும் மோட்ச சாதனமும்கூட இதற்கு விலக்கல்ல என்றும் அவர் சொல்கிறார். அனௌசித்தியம், அதாவது தகுதியின்மை, எங்கே இருக்கிறதோ அங்கே சிரிப்பு இருக்கிறது என்றால், எது தகும், எது தகாது என்று அறிந்தவனே சிரிக்க வைக்க முடியும் என்றாகிறது. விவேகம் இல்லாதவன் விகடம் செய்ய இயலாது.

அபிநவகுப்தருக்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தத்துவத்தை நாடகமாக எழுதிக் காட்டியவர் நம்முடைய காஞ்சி மாநகரத்து மன்னர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவர், செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் குடைந்தவர் என்று மண்டகப்பட்டுச் சாசனத்தினால் நமக்குப் பழக்கமானவர். அவரே மத்தவிலாசம் என்ற பிரஹசனத்தையும், அதாவது நகை நாடகத்தையும், இயற்றினார். காஞ்சியின் கள்ளுக்கடைத் தெருவில் சத்தியசோமன் என்ற காபாலிகன் தன் துணைவி தேவசோமையுடன் தள்ளாடி வருகிறான். பிச்சைப் பாத்திரமாகிய அவனுடைய கபாலம் காணாமற்போகிறது. அதிலிருந்த மாமிசத்தின் பொருட்டு ஒரு நாய் அதைக் கவ்விச் சென்றிருக்க, அவன் வழியே போன நாகசேனன் என்ற பௌத்த பிட்சுவின் மீது பழி சுமத்துகிறான். அந்தப் பிட்சுவோ, மாளிகையும் படுக்கையும் போஜனமும் தாம்பூலமும் அனுமதித்த கருணைக்கடலாகிய பகவான் மதுவையும் மாதரையும் மட்டும் விலக்கியிருக்க நியாயமில்லை, பொறாமை பிடித்த கிழ பிட்சுக்கள்தாம் மூல கிரந்தத்திலிருந்து அந்தப் பகுதிகளை நீக்கியிருக்க வேண்டும் என்று ஆராய்ச்சி செய்துகொண்டு வருகிறான்! மத்தியஸ்தம் செய்ய வந்த பாசுபதனுக்கோ உள்ளூர வேறு கணக்கு. நியாய ஸ்தலத்துக்குப் போகலாம் என்ற பேச்சு வந்தபோது, விகாரங்களின் செல்வமெல்லாம் கையிலிருக்கும் பிட்சு அதிகாரிகளின் வாயை நிரப்பிவிடுவானே, நாம் எங்கே போவது என்று தேவசோமை அஞ்சுகிறாள். கடைசியில் கபாலத்தை நாயிடமிருந்து மீட்டு வைத்திருப்பவன் ஒரு பைத்தியக்காரன்.

இதில் நாம் வியக்க வேண்டியது கதையை அல்ல. மத்தவிலாசன் என்பது மகேந்திரருடைய விருதுப் பெயர்களுள் ஒன்று. அதையே நாடகத்துக்குத் தலைப்பாக்கி, தம் ராஜதானியின் தெருவையே அரங்கமாக்கி, தம் ராஜ்யத்தின் நியாய ஸ்தலத்தில் பரிதானம் செல்லும் என்று ஒரு குடிகாரியின் வாயால் சொல்ல வைத்த அரசர் அவர். சமணத்திலிருந்து சைவத்துக்கு வந்தவர் என்று கருதப்படும் அவர், சிவனடியார் வேஷத்தில் திரிந்த இருவரையும் பௌத்தனையும் ஒரே தராசில் நிறுத்தினார். மாமண்டூர்க் குகைச் சாசனத்தில் மத்தவிலாசத்தோடு சேர்த்துப் பெயர் சொல்லப்படும் பகவதஜ்ஜுகம் என்ற மற்றொரு பிரஹசனத்திலோ சிரிப்பு இன்னும் ஆழமாகிறது. யமதூதன் ஆள்மாறாட்டமாக ஒரு கணிகையின் உயிரைக் கொண்டுபோக, சீடனுக்கு யோக சக்தியைக் காட்ட விரும்பிய சன்னியாசி அவள் உடலில் புகுந்துகொள்ள, தவற்றை உணர்ந்து திரும்பி வந்த தூதன் அவளுடைய உயிரைச் சன்னியாசியின் உடலில் போட்டுவிட்டுப் போக, கணிகை வேதாந்தம் பேசவும் பரிவிராஜகர் காதல் பேசவுமாகப் பூங்காவே அல்லோலகல்லோலப்படுகிறது. ஆத்மா வேறு, தேகம் வேறு என்று பாஷ்யகாரர்கள் பக்கம் பக்கமாக நிலைநாட்டிய விஷயத்தை, சிரித்து முடிப்பதற்குள் புரிய வைத்துவிடும் நாடகம் அது.

காஞ்சியில் பிறந்த இந்த நகைப்பு காஞ்சியில் தங்கவில்லை. 1917ஆம் ஆண்டில் மகாமகோபாத்தியாய கணபதி சாஸ்திரிகள் மத்தவிலாசத்தைத் திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசையில் அச்சிட்டபோது, அதற்கு ஆதாரமாக இருந்தவை மலையாள நாட்டு ஏடுகள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த பத்மநாபபுரத்தின் அருகில் மணலிக்கரை மடத்தில் கிடைத்த ஓலைகளோடு தொடங்கி, பாசனுடையவை என்று 13 நாடகங்களை அவர் உலகத்துக்கு வெளிப்படுத்தினார். மற்ற இடங்களில் மறைந்துபோன நாடகங்கள் மலையாளக் கரையில் மட்டும் ஏன் பிழைத்தன என்றால், அங்கே அவற்றை ஆடுகிறவர்கள் இருந்தார்கள். ஆடுகிறவனுக்கு ஏடு வேண்டும். படிக்கிறவனுக்கு மாத்திரம் உரிய ஏடு செல்லுக்கு இரையாகும்.

ஆடியவர்கள் சாக்கியார்கள். சேரன் செங்குட்டுவன் வடதிசை வென்று மீண்ட மாலையில், பறையூர்க் கூத்தச் சாக்கையன் என்பவன் உமையொருபாகனுடைய கொட்டிச்சேதக் கூத்தை அரசனும் அரசியும் காண ஆடினான் என்று சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் கூறுவதைத் தமிழர் அறிவர். சிலப்பதிகாரம் பெயர் சொல்லும் அந்தக் குலத்தார் பின்னும் பல நூற்றாண்டுகள் கோயில் மேடையில் நின்றார்கள் என்பது அடிக்கடி எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி. மகோதயபுரத்திலிருந்து ஆண்டவரும் சுபத்திராதனஞ்சயம், தபதீசம்வரணம் என்ற நாடகங்களை இயற்றியவருமான குலசேகரவர்மர், தோலன் என்ற கவிஞருடைய துணையோடு இந்தக் கூத்தைச் சீர்திருத்தினார் என்பது மரபு. அந்தச் சீர்திருத்தத்தின் சாரம் முழுவதும் விதூஷகனிடத்திலேயே இருக்கிறது. நாயகன் சமஸ்கிருதத்தில் ஒரு சுலோகம் சொல்லி நிறுத்துவான். பக்கத்தில் நிற்கும் விதூஷகன் அதை நாட்டு மொழியில் பிரித்து, பொருள் சொல்லி, உபகதை சொல்லி, பிறகு அதே சந்தத்தில், அதே அலங்காரத்தில், தன் பங்குக்கு ஒரு பிரதிசுலோகம் சொல்வான். நாயகன் ராஜகுமாரியின் கண்ணழகில் மயங்கியிருந்தால், இவன் அடுக்களையில் சட்டி கழுவுகிறவளின் அவலட்சணத்தில் மயங்கியிருப்பான். சபையார் இரண்டையும் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்ட பிறகு முதலாவதில் எவ்வளவு மெய், எவ்வளவு வெறும் வாய்ப்பாடு என்பது தெரிந்துவிடுகிறது; காவிய விமரிசனம் என்று தனியே ஒன்று வேண்டியிருக்கவில்லை. மிழாவு என்ற பெரிய செப்புக்குட முழவை வாசிக்கும் நம்பியார், கதையை நாட்டு மொழி வசனத்தில் சொல்லும் பகுதிக்கு அங்கே வழங்கிய பெயர் நம்பியார் தமிழ் என்பது. மலையாளம் என்ற பெயர் அந்த மேடையில் நிலைபெறுவதற்கு முந்திய காலத்தின் சுவடு அது.

விதூஷகனுக்கென்றே ஏற்பட்ட புருஷார்த்தக் கூத்து என்று ஒரு பகுதி உண்டு. அறம், பொருள், இன்பம், வீடு என்ற நான்கும் மற்றவர்களுக்கு. விதூஷகனுக்குப் புருஷார்த்தங்கள் வினோதம், வஞ்சனம், அசனம், ராஜசேவை என்ற நான்கு. கணிகையரை நாடுதல், அவர்களை ஏமாற்றுதல், வயிறு முட்ட உண்ணுதல், அரசனை அண்டிப் பிழைத்தல் என்பன அவற்றின் பொருள். நாள்தோறும் ஒன்றாக, இரவுக்குப் பின் இரவாக, இவற்றைச் சாக்கியார் விவரிக்கும்போது, கல்வியற்றவர்களுக்கென்றே உண்டான அனதீதிமங்கலம் என்ற கற்பனைக் கிராமத்தின் பிராமணர்கள், அவர்களுடைய கோயில் தகராறு, விருந்து வீட்டுப் பந்தி, அங்கே இலை போடுவதற்கு முன்னமே இடம் பிடிக்கும் சாமர்த்தியம் எல்லாம் வரிசையாக வரும். மேடைக்கு முன்னால் அமர்ந்து அதைக் கேட்டவர்கள் யார்? அதே விருந்துகளை உண்ட நம்பூதிரிகள். அதே கோயில்களின் ஊராளர்கள். அதே ராஜசேவையில் காலங்கழித்த உத்தியோகஸ்தர்கள். சில நாட்களில் சாட்சாத் அரசரே.

இங்கேதான் அந்தச் சபையின் விசேஷ தர்மம் வருகிறது. சாக்கியார் முகத்தில் அரிசிமாவும் மஞ்சளும் கரியும் தீட்டி, ஒரு காதில் குண்டலமும் மறு காதில் வெற்றிலையும் செருகி, தலையில் முடி வைத்துக்கொண்டு கோயிலின் கூத்து மண்டபமாகிய கூத்தம்பலத்தின் மேடையில் ஏறிவிட்டால், அவர் எதைச் சொன்னாலும் சபையில் உள்ளவர் ஒருவரும் மறுமொழி கூறலாகாது. ராஜாவாக இருந்தாலும் அப்படியே. யாரேனும் குறுக்கே பேசினால் சாக்கியார் தலைமுடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கூத்தை நிறுத்திவிடுவார். அது கோயிலுக்கு நேர்ந்த குறையாக எண்ணப்படும். ஆனால் அவரும் பெயர் சொல்லி யாரையும் ஏசுவதில்லை. அங்கதன் ராவணனுடைய கொலுமண்டபத்தில் நின்று பேசுகிறான் என்று கதை ஓடிக்கொண்டிருக்கும். வாக்கியம் ராவணனுடைய மந்திரிகளைப் பற்றியது, பார்வை மட்டும் வந்து படிவது முன்வரிசையில் சரிந்து உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர் மீது. தாமதமாக நுழைகிறவரைச் சுக்கிரீவனிடம் தவணை கடந்து வந்த வானரத்தோடு பொருத்தி விடுவது மிகவும் எளிய வித்தை. சபையெல்லாம் சிரிக்கும், பட்டவரும் சிரித்தே ஆகவேண்டும். மறுநாள் அவர் தம் நடத்தையைத் திருத்திக்கொண்டாரா என்பதைச் சரித்திரம் சொல்லவில்லை. ஆயினும் தம்மைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்பது தமக்குத் தெரியாது என்று மட்டும் அவர் சொல்லிக்கொள்ள முடியாது.

இப்படிப்பட்ட சுதந்திரம் இனாமாகக் கிடைத்ததன்று. வேதம் தெரியாத மூடனாக மேடையில் நடிப்பவர் வாழ்க்கையில் மகா பண்டிதராக இருக்க வேண்டியிருந்தது. சாக்கியார் குலத்துப் பிள்ளை பால்யத்திலேயே சமஸ்கிருதமும் காவிய நாடகங்களும் புராண இதிகாசங்களும் அபிநயமும் பயிலத் தொடங்கி, வாலிபம் கடந்த பின்பே விதூஷகனாக மதிக்கப்படுவான். நாயக வேஷத்தைவிட இந்த வேஷமே கடினமென்பது அவர்களுடைய அபிப்பிராயம். பாசனுடைய பிரதிஜ்ஞாயௌகந்தராயணத்தின் மந்திராங்கம் என்ற ஒரே அங்கத்தை 41 நாட்கள் விரித்து ஆடும் சம்பிரதாயம் இருக்கிறதென்றால், அதைத் தாங்குவதற்கு எவ்வளவு கைச்சரக்கு வேண்டும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

பண்டிதர்களும் இந்தக் கூத்துக்குத் தொண்டு செய்தார்கள். நாராயணீயம் பாடிய மேல்பத்தூர் நாராயண பட்டதிரி சாக்கியார்களுக்கென்றே பல சம்பு பிரபந்தங்களை எழுதிக் கொடுத்தவர். அவற்றுள் ஒன்று, இரவி என்ற சாக்கியாருக்காக எழுதியதாகச் சொல்லப்படும் நிரனுநாசிகம். லட்சுமணனால் மூக்கறுபட்ட சூர்ப்பணகை ராவணனிடம் வந்து முறையிடுகிறாள். மூக்கில்லாதவளுக்கு மூக்கொலி எப்படி வரும்? ஆகையால் அவள் புலம்பும் பகுதியில் ங, ஞ, ண, ந, ம என்ற எழுத்துக்கள் ஒன்றும் வராதபடி பட்டதிரி இயற்றிவிட்டார். சமஸ்கிருதத்தில் இரண்டு வரி எழுதிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். வியாகரணத்திலும் பிரக்கிரியாசர்வஸ்வம் எழுதிய பாண்டித்தியத்தின் முழுப் பலமும் ஓர் அரக்கியின் அறுந்த மூக்குக்காகச் செலவழிக்கப்பட்டது. அந்தச் செலவு வீண் என்று அக்காலத்து அறிஞர் ஒருவரும் கருதவில்லை.

கருதியவர்கள் வேறு விஷயத்தில் இருந்தார்கள். நடாங்குசம் என்ற பெயரில், அதாவது நடர்களுக்கு அங்குசமாக, ஆசிரியர் பெயர் தெரியாத ஒரு கண்டன நூல் உண்டு. சாக்கியார்கள் கதையை விட்டு விலகி விலகிப் போகிறார்கள், பரத சாஸ்திரத்தை மீறுகிறார்கள் என்று அது தர்க்கரீதியாகக் குற்றம் சாட்டுகிறது. நூலாசிரியர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் கதையை விட்டு விலகும் அந்த இடங்களில்தான் கூத்து உயிரோடிருந்தது என்பதே என்னுடைய எண்ணம்; யானைக்கு அங்குசம் வேண்டும், விதூஷகனுக்கு அது வேண்டியதில்லை.

இவ்வளவையும் புகழ்ந்த பிறகு, அந்தச் சபையின் மதிலையும் பார்க்க வேண்டும். திருச்சூர் வடக்குநாதன் கோயிலிலும், இரிஞ்ஞாலக்குடையில் ராமன் தம்பி பரதனுக்கென்று அமைந்த கூடல்மாணிக்கம் கோயிலிலும், ஹரிப்பாட்டிலும், கிடங்ஙூரிலும் இன்றும் நிற்கும் கூத்தம்பலங்கள் எல்லாம் கோயிலின் மதிலுக்குள் இருப்பவை. அந்த மதிலுக்குள் நுழையும் உரிமை பெற்றவர்களே பரிகாசத்துக்கும் உரிமை பெற்றவர்கள். வயலில் உழைத்தவனுடைய செவியில் அந்தச் சிரிப்பொலி விழுந்திருக்கலாம், சொல் விழுந்திராது. சாக்கியார்களுடைய நிலையும் விசித்திரமானது. ஆசார விசாரணையில் விலக்கப்பட்ட நம்பூதிரிப் பெண்டிரின் புதல்வருள் உபநயனம் ஆனவர் சாக்கியார் ஆயினர், ஆகாதவர் நம்பியார் ஆயினர் என்று ஒரு பழைய வழக்கு உண்டு. அது சரித்திரமோ கற்பனையோ, உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் வாசற்படியில் நிற்பவனுக்கே இரண்டு பக்கமும் தெரியும் என்று அந்தச் சமூகம் நினைத்ததை அது காட்டுகிறது. மேலோர் மேலோரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டதாலே மதில் ஒரு கல்லும் பெயரவில்லை என்று ஒருவர் குறை சொன்னால் அதை நான் மறுக்க மாட்டேன். அரிய ஒழுங்கு அது. ஆனால் குறுகிய ஒழுங்கு.

மதிலைத் தாண்டினவர் மிழாவு வாசித்த ஒரு நம்பியாரே. பதினெட்டாம் நூற்றாண்டில் கிள்ளிக்குறிச்சிமங்கலத்தில் பிறந்து அம்பலப்புழையில் செம்பகச்சேரி அரசரை அடுத்திருந்த குஞ்சன் நம்பியார், ஒரு நாள் கூத்துக்கு மிழாவு வாசிக்கையில் கண்ணயர்ந்துவிட்டதாகவும், சாக்கியார் தம் வழக்கப்படி அவரைப் பரிகசித்துச் சபையைச் சிரிக்க வைத்ததாகவும், மறுமொழி கூறலாகாத சபையில் வாய் திறக்க முடியாத நம்பியார் அன்றிரவே ஒரு புதிய கூத்தை இயற்றி மறுநாள் அதே கோயிலில் மற்றொரு பக்கம் நின்று ஆட, சாக்கியார் எதிரில் ஒருவரும் மிஞ்சவில்லை என்றும் கதை சொல்வார்கள். அந்தக் கூத்து ஓட்டன்துள்ளல். முதலில் ஆடியது, பீமன் மலர் தேடிச் செல்லும் வழியில் கிழக் குரங்காகக் கிடக்கும் அனுமனுடைய வாலைத் தூக்க முடியாமல் திணறும் கல்யாணசௌகந்திகம் என்பர். பலசாலியின் கர்வத்தைக் கிழவனுடைய வால் அடக்கும் அந்தக் கதையைத் தேர்ந்தெடுத்ததில் சாக்கியாருக்கு ஒரு பதில் அடங்கியிருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

நம்பியாருடைய தேவலோகத்திலும் பாதாளத்திலும் நாயர் சேவகர்களும் நம்பூதிரிகளும் பட்டர்களும் வைத்தியர்களும் கணக்கர்களுமே திரிவார்கள். அஸ்தினாபுரத்து விருந்திலும் அம்பலப்புழைப் பந்தியின் சண்டைதான் நடக்கும். சமஸ்கிருதம் வேண்டாம், கூத்தம்பலம் வேண்டாம். பேசும் மொழியும் திறந்த வெளியும் போதும் என்றாயிற்று. கேட்டவர்களின் தொகை பெருகிற்று. ஆனால் தலையில் சாக்கியாருடைய முடி இல்லாதவனுக்குச் சாக்கியாருடைய அபயமும் இல்லை. செம்பகச்சேரி திருவிதாங்கூரோடு சேர்ந்த பிறகு அவர் திருவனந்தபுரத்து அரண்மனையை அடுத்து வாழ வேண்டியிருந்தது. அங்கே நடந்ததாக வழங்கும் பாயசக் கதை பிரசித்தமானது. பாயசம் கசக்கிறது என்று அரசர் சொல்லி வைக்க, உடன் உண்டவர் அனைவரும் ஆம், கசக்கிறது என்று இலையை ஒதுக்கிவிட்டார்களாம். நம்பியார் மட்டும் மேலும் மேலும் வாங்கிச் சாப்பிட்டார். அரசர் காரணம் கேட்டதற்கு, இந்தக் கசப்பு தமக்கு மிகவும் பிடிக்கும் என்றாராம். கூத்தம்பலத்துச் சாக்கியாராக இருந்தால் பாயசம் இனிக்கிறது என்றும், நாக்கைக் கூட அரசனுக்கு அடகு வைத்தவர்கள் இவர்கள் என்றும் நேராகவே சொல்லியிருப்பார். நம்பியார் அரசரையும் பொய்யராக்காமல், தாமும் பொய் சொல்லாமல், முகஸ்துதிக்காரர்களை மட்டும் வெட்கப்பட வைத்துத் தப்பினார். சாமர்த்தியத்தில் இது ஒரு படி மேல். சுதந்திரத்தில் ஒரு படி கீழ். கதை நடந்ததோ இல்லையோ, அந்த வித்தியாசத்தை உணர்ந்த யாரோ ஒருவர்தான் அதைக் கட்டியிருக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் மதில்கள் பல வகையாகத் திறந்தன. 1936ஆம் ஆண்டில் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. கோயில் மானியங்கள் குறைந்து, கூத்தும் நலிந்து, ஆடும் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையாயின. 1949ஆம் ஆண்டில் பைங்குளம் ராம சாக்கியார் கோயிலுக்கு வெளியே கூத்து நிகழ்த்தி, ஆசாரப் பற்றுள்ளவர்களுடைய கோபத்துக்கு ஆளானார். 1962ஆம் ஆண்டில் சமஸ்கிருத அறிஞர் டாக்டர் வே. ராகவன் அவர்களுடைய முயற்சியால் மாணி மாதவ சாக்கியார் சென்னைக்கு வந்து, சாக்கியார்கள் கூடி ஆடும் சமஸ்கிருத நாடகமாகிய கூடியாட்டத்தை ஆடியதே கேரளத்துக்கு வெளியே அது கண்ட முதல் மேடை. 1965ஆம் ஆண்டில் கேரள கலாமண்டலத்தில் பைங்குளத்தாரின் தலைமையில் பயிற்சி தொடங்கியது. பிற ஜாதிப் பிள்ளைகளும் கற்க வழி பிறந்தது. 2001ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் கூடியாட்டத்தை மனித குலத்தின் அரும்பெரும் பாரம்பரியங்களுள் ஒன்றாக அறிவித்தது.

இவை யாவும் நன்மைகளே. எனினும் உலக மேடைகளுக்குப் போன கூடியாட்டத்தில், மொழி தெரியாதவர்களும் கண்டு வியக்கக்கூடிய கண்ணசைவும் முத்திரையும் முன்னுக்கு வந்தன. மொழியையும் ஊரையும் முன்வரிசைக்காரரையும் நம்பி வாழ்ந்த விதூஷகனுடைய பேச்சு குறுகிவிட்டது. பாரிஸ் நகரத்துச் சபையில் அனதீதிமங்கலத்துப் பந்திச் சண்டையை யாரிடம் சொல்வது? கேரளத்துப் பள்ளிக் கலைவிழாவில் சாக்கியார் கூத்தும் ஒரு போட்டியாக நடக்கிறது. வேஷம் குறைவில்லை, சுலோகம் குறைவில்லை, ஆனால் மதிப்பெண் போடும் நடுவரைப் பரிகசிக்கும் தைரியத்தை எந்தப் பிள்ளையிடம் எதிர்பார்க்க முடியும்? அமைச்சர்களும் அதிகாரிகளும் சித்திரக்காரர்கள்மீதும் பத்திரிகைகள்மீதும் வழக்குத் தொடுக்கும் இந்நாளில், ராஜா தம் விருப்பத்தோடு சென்று வாய் பொத்தி உட்கார்ந்த ஒரு மண்டபம் நம்முடைய பக்கத்திலேயே இருந்ததென்பதை, கலாரசிகர்களைவிட அவர்களுக்கே அதிகமாக எடுத்துச் சொல்ல வேண்டும். திருச்சூர், இரிஞ்ஞாலக்குடைப் பக்கம் போக நேரும் வாசகர்கள், கூத்து நடக்கும் காலமாயிருந்தால் ஒரு மாலையாவது போய்க் கேளுங்கள். மலையாளம் தமிழர் செவிக்கு அவ்வளவு தூரமில்லை. சரியான நேரத்துக்குப் போய்விடுங்கள். முன்வரிசையில் அமர்வதானால் உங்கள் சொந்தப் பொறுப்பில் அமருங்கள்.